போட்டி முடியும் வரை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்க முடியவில்லை. அங்கே நீங்கள் சுகம் என்று தெரியும். நேற்று டிவியில் பார்த்தேன்.

போட்டி முடியும் வரை வீட்டிலிருந்து போன் வரக்கூடாது என்பது உங்கள் கட்டளை. அதை மீறவில்லை. உங்கள் அணியின் ரசிகர் மன்றச் செயலாளர் நாளை அங்கே புறப்படுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை மதியத்துக்குள் உங்களிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். கடிதத்துக்குத் தடை இல்லை என்று நினைக்கிறேன்.

அத்தை சனிக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன். இதயம் பலவீனமாக இருப்பதால் மயக்க மருந்து கொடுப்பதிலேயே ஆபத்து உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மகன் எங்கே என்று கேட்டார். வெளிநாட்டில் என்றேன். என்ன வேலையாக என்று கேட்டபோது, காதில் விழாததுபோல் ஃபாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் போட்டிருக்கிறேன்.

இந்த நிலையிலும் நேற்றைய ஆட்டத்தை அத்தை விடவில்லை. கட்டிலை வார்டு டிவி பக்கம் திருப்பச் சொன்னார். இடைவேளையில் உங்களைக் காட்டினார்கள். முகத்தில் பாதி பச்சை, பாதி வெள்ளை, கழுத்தில் டிரம். பக்கத்துக் கட்டில் அம்மாள், "யாரு பெத்த பிள்ளையோ, இப்படி ஆடுது" என்றார். அத்தை அசராமல், "நான் பெத்ததுதான்" என்றார். பிறகு நீங்கள் இளைத்துவிட்டதாக என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அத்தனை சாயத்துக்கு அடியில் அது எப்படித் தெரிந்ததோ.

உங்களுக்குத் தகவல் சொல்கிறேன் என்றதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்மா. தோத்துட்டா நம்ம மேலதான் பழி போடுவான்."

எழுபத்திரண்டு வயதில் அவருக்கு இந்தப் பயம் என்னைப் பார்த்து வந்தது. எனக்கு நீங்கள் பழக்கியது. ஆறு வருடம் முன்பு, நம் குழந்தை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போனபோது, ஆட்ட இடைவேளையில் உங்களைக் கூப்பிட்டேன். அன்று உங்கள் அணி தோற்றது. நான்காம் நாள் வந்து, வாசலில் பையை வைத்துவிட்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "ஒரு மணி நேரம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்த ஒரு மணி நேரம் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பதினொரு நாடுகள் போய்விட்டீர்கள். தோற்று வந்த ஆட்டக்காரர்களுக்குத் தைரியம் சொல்ல விமான நிலையத்தில் ஐந்து மணி நேரம் நின்ற கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாது. இங்கே பெயர் சொல்லிக் கேட்கிற ஒருவர் இருக்கிறார். அவரும் போட்டி முடியட்டும் என்று காத்திருக்கிறார்.

வியாழன் மாலை அரையிறுதி என்பது எனக்கும் தெரியும். புதன் மாலை அங்கிருந்து ஒரு விமானம் இருக்கிறது. ஏறினால் ஆபரேஷனுக்கு முன் வந்துவிடலாம். எனக்காக வர வேண்டாம். அப்படி எதிர்பார்ப்பதை விட்டு நாளாயிற்று. நீங்கள் இல்லாமல் உங்கள் அணி தோற்றால் பழியை என் மேல் போடுங்கள், தாங்கிப் பழகிவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது.

நேற்று டிவியைப் பார்த்து, ஜெயித்துவிட்டு வா என்று உங்களை வாழ்த்தினார். நான் வாருங்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி