நாற்பத்தேழாம் அட்டை

குருநகர்
5.2.1986

அன்புள்ள அருமை அக்கா,

நானும் அம்மாவும் சுகம். மண்டபம் முகாமிலை நீங்களும் பிள்ளையளும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுறம். மூண்டு கடிதம் போட்டன், ஒரு வரி பதில் இல்லை. கோவமோ?

எங்கடை கோயில் கிளினிக் நல்லாய் நடக்குது. வள்ளத்துக்கு ஒரு பங்கு மீன் குடுத்தால் குடும்பத்துக்கு ஒரு அட்டை. ஆனால் இருநூறு அட்டைக்கு மேலை மருந்து காணாது எண்டு பங்குச் சுவாமி சொல்லுறார். வாசலிலை காத்திருக்கிற சனமோ கூடிக்கொண்டு போகுது. முல்லைத்தீவுப் பக்கத்தாலை இடம்பெயர்ந்து வந்த யாகோப்புவின்ரை பிள்ளைக்குச் சரியான முட்டு, மூச்சுவிட ஏலாமல் நெஞ்சு இழுக்குது. அதுகளுக்கு அட்டை இல்லை.

அதாலைதான் எழுதுறன், குறை நினையாதேங்கோ. வின்சன்ற் அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழு மாதம். அவற்றை பேரை வெட்டி அட்டையை அதுகளுக்குக் குடுக்கிறதெண்டால் மனிசி உங்கடை கையெழுத்து வேணும். அதுவரைக்கும் மாதத்தின்ரை முதல் புதன் அவற்றை பேரைக் கூப்பிட்டு, அவற்றை முட்டு மருந்தை யன்னலிலை வைக்கிறது என்ரை வேலை. ஆறு மாதம் கூப்பிட்டன். ஒருத்தரும் எடுக்காத மருந்தைப் பின்னேரம் திருப்பி ஊத்தினன்.

இண்டைக்கும் போத்தலை யன்னலிலை வைச்சிட்டு, திரைக்குப் பின்னாலை மருந்து கலந்துகொண்டு "நாற்பத்தேழு, வின்சன்ற்" எண்டன். அங்காலை ஒரு ஆம்பிளைக் குரல் "ஓம்" எண்டுது. திரையை விலக்கினன். போத்தல் இல்லை. மர வாங்கிலை குந்தியிருந்த சனம் முழுக்க என்னைப் பாக்குது.

உங்கள்
ஸ்ரெல்லா

மண்டபம் முகாம்
20.2.1986

அன்புத் தங்கச்சி,

கோவம் இல்லையடி, எழுத மனம் வரேல்லை. உன்ரை கடிதத்தைத் தண்ணி வரிசையிலை நிண்டு வாசிச்சன். வாளி வழிஞ்சதும் தெரியேல்லை, பின்னாலை நிண்டவள் ஏசினபிறகுதான் பாத்தன்.

நான் கையெழுத்துப் போடமாட்டன். போட்டால் நானே அந்தாளைச் சாக்காட்டினமாதிரி.

ஒண்டு மட்டும் சொல்லு. ஓம் சொல்ல முதல் இருமினவரோ? கலியாணத்திலை சுவாமி சம்மதமோ எண்டு கேக்கவும் ஒருக்கால் இருமிப்போட்டுத்தான் ஓம் எண்டவர். கோயில் முழுக்கச் சிரிச்சது, நீயும் சிரிச்சனி. இருமல் கேட்டதெண்டால் எழுது. பிள்ளையளையும் கொண்டு கிடைக்கிற வள்ளத்திலை வாறன்.

அருமைநாயகி

குருநகர்
5.3.1986

அன்புள்ள அக்கா,

இருமல் இல்லை.

இண்டைக்குத் திரையிலை கொஞ்சம் நீக்கல் விட்டிட்டுக் கூப்பிட்டன். ஓம் எண்டது யாகோப்பு. போன மாதமும் அவர்தானாம். போத்தலை மடிக்கை வைச்சுக்கொண்டு அழுதார். "அந்த மனிசன் இனி வாறதில்லைத்தானே தங்கச்சி" எண்டார். சனத்துக்கும் தெரியுமாம், காட்டிக்குடுக்க மனமில்லையாம். செத்தவன்ரை பேருக்குக் குரல் குடுத்தபிறகு, அவருக்குத் தன்ரை பேரை ஆரும் கூப்பிட்டால் திரும்பிப் பாக்கப் பயமாய்க் கிடக்காம்.

அது வளந்தாளின்ரை மருந்து அக்கா. அளவு தெரியாமல் பிள்ளைக்குக் குடுத்திருக்கினம். அட்டை இருந்தால் டொக்டர் பாத்துத் தருவார். அடுத்த போத்தலோடை அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்வன்?

ஸ்ரெல்லா

மண்டபம் முகாம்
18.3.1986

தங்கச்சி,

கையெழுத்து உள்ளுக்கை இருக்கு.

ஒரு மாதம் அந்த ஓமோடை சீவிச்சன். உடுப்பெல்லாம் பெட்டியிலை அடுக்கி வைச்சிருந்தன். யாகோப்புவிலை கோவம் இல்லை. இல்லை, இருக்கு. இருந்தாலும் அட்டையை அந்தப் பிள்ளைக்குக் குடு.

கடைசியாய் ஒருக்கால் இவரைக் கூப்பிடு, மற்றாக்களைக் கூப்பிடுறமாதிரியே கூப்பிடு. ஒருத்தரும் குரல் குடுக்காட்டில் வெட்டு.

அருமைநாயகி

குருநகர்
2.4.1986

அன்புள்ள அக்கா,

திரையைக் கழட்டிப்போட்டுத்தான் இருந்தன். யாகோப்பு பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு எனக்கு நேர முன்னாலை நிண்டார், வாயைக் கையாலை பொத்திக்கொண்டு. பக்கத்திலை சுவாமி. வாங்கிலை இருந்தது முழுக்கப் பெண்டுகள்.

"நாற்பத்தேழு, வின்சன்ற்" எண்டன்.

கத்தரீனா மாமி செபமாலையை நிப்பாட்டினா. யாகோப்பு திரும்பிப் பாத்தார். அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை விட்டிட்டுக் கடைசி வாங்கைப் பாத்துது. அந்த வாங்கிலை ஒருத்தரும் இல்லை.

பேரை வெட்டேல்லை அக்கா. யாகோப்புக்கு இருநூற்றியோராம் அட்டை எழுதிப்போட்டன். மருந்து காணுமோ எண்டு சுவாமி கேக்கேல்லை, கையெழுத்துப் போட்டிட்டுப் போயிட்டார். போத்தல் யன்னலிலை வைச்சபடி நிக்குது. நீங்கள் கையெழுத்துப் போட்ட கடுதாசியைத் திருப்பி அனுப்புறன். வாங்கோ எண்டு சொல்லவும் ஏலாமல் கிடக்கு, வராதேங்கோ எண்டும் ஏலாது.

முதல் இருமல் கேட்டது. பிறகுதான் ஓம்.

உங்கள்
ஸ்ரெல்லா