நடுக்காலின் உயரம்

9.2.2011

பாப்பாவுக்கு இன்றும் இளைப்பு. பஸ்ஸில் கீரப்பாளையம் போய், ஆவி வைத்து, தோளில் தூங்க வைத்துக்கொண்டு திரும்பினேன். கூரைக்குக் கீழே குனிந்து நுழைந்தால், ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் முட்டி போட்டு நம் மண்சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெயர் சுவேதாவாம். புதுச்சேரியில் கட்டடக் கலை படிக்கிறாளாம். பழைய கூரை வீடுகளை அளந்து படம் வரைந்து பரீட்சைக்குக் கொடுக்க வேண்டுமாம்.

அவளுடைய அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமா, என் வீட்டுக்காரர். உரக்கடைக்கு அரை நாள் லீவு.

பாப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகத்தான் லீவு கிடைக்காது.

10.2.2011

"மூலையெல்லாம் ஏன் உருண்டையா இருக்கு தெரியுமா வாணி? காத்து மோதாம வழுக்கிட்டுப் போறதுக்காம். சுவேதா சொல்லுச்சு."

அந்த மூலையை மூன்று வருஷமாகப் பெருக்குகிறேன். உருண்டை என்று எனக்குத் தெரியாதா? என்னிடம் யார் கேட்டார்கள்?

அத்தை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிவிட்டார். அத்தையின் மாமியாரும் மாமனாரும் மண்ணோடு உமியைப் போட்டு மிதித்தது, ஒரு படை சுவர் வைத்து அது காய்ந்த பிறகே அடுத்த படை வைத்தது, நாலு படை ஏற ஒரு கோடை முழுக்க ஆனது, கடைசிப் படைக்கு மாமியார் நிறைமாசமாய் மண் சுமந்தது. எல்லாவற்றையும் அவள் கூர்மையான பென்சிலால் எழுதிக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அத்தை என்னிடம் சொன்னது: "பால் பொங்குது பாரு."

நானும் கணக்கில் எண்பத்து நாலு சதவீதம் வாங்கினவள்தான். எம்.எஸ்சி. விண்ணப்பம் முதுநகரில் அம்மா வீட்டுப் பெட்டியில் இன்னும் கிடக்கும்.

'அண்ணா' என்றுதான் அவரைக் கூப்பிடுகிறாள். தெரியும். தெரிந்தும் —

12.2.2011

உள்ளறையில் குலசாமிப் பெட்டி இருக்கிறது. இந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்கள் தவிர யாரும் அதற்குள் போவதில்லை. மாமாகூட வாசப்படியோடு சரி. மொத்தக் கூரையையும் தாங்குகிற நடுக்கால் அங்கேதான் நிற்கிறது, ஒரே பனைமரம். கல்யாணமாகி வந்த அன்று மருமகளை அதில் சாய்த்து நிற்க வைத்து, தலை உயரத்தில் மஞ்சள் கோடு போடுவார்கள். மூன்று கோடுகள். கடைசிக் கோடு என்னுடையது.

"அக்கா, நீங்கதான் அளந்து சொல்லணும்" என்று நாடாவை நீட்டினாள். "அந்தக் கால் உயரத்த வச்சுத்தான் கூரையோட வாட்டம், சரிவெல்லாம் தெரியும்."

ஏணி போட்டு ஏறினேன். பன்னிரண்டு அடி ஒன்பது அங்குலம். வெளியே மாமா எதற்கோ சிரித்தார். எட்டிப் பார்த்தேன். இரண்டு தலையும் அவள் நோட்டின் மேல் குனிந்திருந்தன. அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாச்சு!

"எவ்ளோ வாணி?"

"பதினொன்னு ஒம்பது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இல்லை, தானாக இல்லை. இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். அளந்தது 12-9. சொன்னது 11-9.

13.2.2011

இன்றும் வந்தாள். "தேங்க்ஸ்க்கா" என்றாள். நான் திருத்தவில்லை.

20.6.2011

வீட்டின் படம் கூரியரில் வந்தது. மாமா சிதம்பரத்தில் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். தூசி தட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

4.1.2012

இன்றுதான் எழுத முடிகிறது. 'தானே' புயலுக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். விடிந்து வந்து பார்த்தால் கூரை இல்லை. நடுக்கால் இரண்டாக முறிந்து கிடந்தது. மண்சுவர்கள் மட்டும் நிற்கின்றன, அந்த உருண்டை மூலைகளோடு.

ஊரில் காய்ந்த விறகு ஒரு குச்சி இல்லை. பாப்பாவுக்கு ஆவி பிடிக்க வெந்நீர் வேண்டும். அத்தை கோடாலியை எடுத்து நடுக்காலையே பிளந்தார். "சாமி ரூம்பு காலு அத்தை!" என்று கத்தினேன்.

"புள்ள மூச்சவிட சாமி பெருசா? நவுரு."

நாலு நாளில் அது முழுக்க எரிந்துபோனது. மூன்று கோடுகளும்தான்.

19.2.2012

தார்ப்பாயின் கீழ் எத்தனை நாள் இருப்பது? வைத்திலிங்கம் ஆசாரி வந்திருக்கிறார். புயலில் விழுந்த ஒரு பனையைப் புது நடுக்காலுக்காகச் செதுக்கி வைத்திருக்கிறார். உயரத்துக்கு மாமா, அத்தையின் டிரங்குப் பெட்டியில் நனையாமல் தப்பிய படத்தை எடுத்துக் காட்டினார்.

"கணக்கு ஒதைக்குதே தம்பி. பழைய வாட்டத்துக்கு ஒரு அடி கொறையுற மாதிரி இருக்குது."

"காலேஜ்ல படிக்கிற பொண்ணு போட்ட படம் ஆசாரி. தப்பா இருக்காது."

தப்பா இருக்காதாம்!

நாளைக் காலை அறுக்கிறார்கள். நான் சும்மா இருந்தால் போதும். முதல் மழையில் ஒழுகும். 'அந்தப் பொண்ணு தப்பா போட்டுடுச்சு' என்று மாமா வாயாலேயே சொல்வார். அதைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. இவ்வளவு கெட்டவளா நான்?

ஆனால் கணக்கு விடமாட்டேன் என்கிறது. சுவர் ஆறடி, நடுக்காலிலிருந்து சுவர் ஏழடி. நாற்பத்து நாலு டிகிரி சரிவு முப்பத்தொன்பதாகிவிடும். கூரையின் கரும்புத் தோகையில் தண்ணீர் ஓடாது, ஊறும். ஊறினால் பூஞ்சை. அதற்கு நேர் கீழே பாப்பாவின் தூளி.

அறுத்த மரத்தை ஒட்டவா முடியும்?

20.2.2012

காலையில் அத்தையின் டிரங்குப் பெட்டி மேல் அந்தப் படம் இருந்தது. கண்ணாடி இல்லை. முதல் தடவையாக அதை முழுசாகப் பார்த்தேன். கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருந்தது:

உள்ளறை அளவுகள்: திருமதி இசைவாணி கதிரவன், பி.எஸ்சி., கணிதம்.

கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் படிப்பை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் அவளிடம் சொல்லவில்லை. அத்தைக்கு பி.எஸ்சி. என்று சொல்லவே வராது. அப்படியென்றால் மாமாதான். அந்த நோட்டின் மேல் குனிந்து நின்று, என்னைப் பற்றியும்தான் பேசியிருக்கிறார்.

வாசலில் ரம்பத்துக்கு அரம் போடும் சத்தம்.

இந்த நோட்டை எடுத்துப் போய், போன வருஷம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தை விரித்து அவர் கையில் கொடுத்தேன். வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியை மறைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

படித்தார். அவர் சிரித்ததை நான் எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆசாரி! ரம்பத்தக் கீழ வையுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

பகல் முழுக்க என்னிடம் பேச்சு இல்லை. சாயங்காலம் போனில் அவளிடம் சொல்வது கேட்டது: "அளவுல ஒரு அடி மாறிப்போச்சும்மா. எங்க வீட்டுல நடந்த தப்பு."

எங்க வீட்டுல. வாணி என்று சொல்லவில்லை.

22.2.2012

இன்னும் பேசவில்லை. பாப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு போய் ஆவி வைத்து வந்தார். லீவு போட்டு.

4.3.2012

நடுக்கால் நட்டாயிற்று. கூரை மூடவில்லை, குலசாமிப் பெட்டி இன்னும் அத்தையிடம்தான். அதனால் உள்ளறைக்குள் யாரும் வரலாம். அத்தை மஞ்சள் கிண்ணத்தோடு வந்து, "நில்லுடி" என்று என்னைச் சாய்த்து நிற்க வைத்துக் கோடு போட்டார். புது மரத்தில் முதல் கோடு.

மாமா நாடாவோடு வந்தார். ஒரு முனையைக் காலடியில் மிதித்துக்கொண்டு, மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"ஏறு. நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

ஏணியில் ஏறினேன். மேலே வெறும் வானம்.

"பன்னெண்டு அடி ஒம்பது அங்குலம்."

பென்சிலை நோட்டில் வைத்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"நெசமாவா?"

ஏணியைப் பிடித்திருந்த ஆசாரி எதற்குச் சிரிக்கிறார் என்று அத்தைக்குப் புரியவில்லை.