ஊசியா, பஞ்சா

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கரண்ட் வைத்தார்கள். முதுகில் ஒட்டுகளைப் பதித்து, அறுந்த தண்டுவடத்துக்கு லேசாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி இது. பாதிப் பேருக்கு நிஜக் கரண்ட், மீதிப் பேருக்குச் சும்மா ஒட்டு. யாருக்கு எது என்று பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண்ணுக்கே தெரியாதாம். எனக்குத் தெரியும். எனக்கு நிஜம்தான். ஊரில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டி விளக்கெரிய வைத்தவனிடம் கரண்ட் வேஷம் போட முடியுமா? ஒயர் அறுந்திருக்கிறது, சேர்த்தால் பல்பு எரியும். அஞ்சாங்கிளாஸ் போதும் இது புரிய.

பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவருக்கு நான் விழுந்த கதையைச் சொன்னேன். நாலாவது மாடி, கையில் பலகை, கீழே கூடிய கூட்டம். அக்கா மகள் வந்திருந்தாள். "மாமா, போன வாரம் மூணாவது மாடி" என்றாள்.

"அது போன வாரம்" என்றேன்.

ஏணியின் ஏழாவது படி. இதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

இன்று சோதனை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பிசியோ பெண் குண்டூசியாலோ பஞ்சாலோ தொட்டுவிட்டு, "ஊசியா, பஞ்சா?" என்பாள். ஒன்றும் தெரியாவிட்டால் 'இல்ல' என்று சொல்ல வேண்டும். டிரைவர் இடுப்புக்குக் கீழே வந்ததும் இல்ல, இல்ல, இல்ல என்று மணியடிப்பதுபோல் சொன்னான். இல்லைச்சாமி என்று பெயர் வைத்துவிட்டேன். இப்படி அபசகுனமாகப் பேசினால் கால் எப்படி வரும்?

நான் முழங்காலில் ஊசி என்றேன், பாதத்தில் பஞ்சு என்றேன். அவள் குனியும்போது ஸ்டூல் கிறீச்சென்கிறது. அதை வைத்து ஊகித்துச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்ல முடியாது. உள்ளேயும் ஏதோ தெரிகிற மாதிரிதான் இருந்தது. இருந்ததா? இருந்தது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

கரண்ட். பயிற்சி. சாப்பாடு. கூரையில் விசிறி.

மார்ச் 12, வியாழன்

மறுபடி சோதனை. இன்று பிரமாதம். "சுருக்குன்னு குத்துதும்மா, பாத்துக் குத்து" என்று அலறினேன். அந்தப் பெண் குனிந்து தாளில் எதையோ எழுதினாள். அசந்துபோயிருப்பாள்.

அக்காவுக்கு போன் போட்டு, பாதத்தில் உணர்ச்சி வந்துவிட்டது என்றேன். அழுதாள். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் செய்தி கேட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 14, சனி

வாரக் கடைசிக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். மழை, குளிர். "காலு சில்லுன்னு இருக்காடா?" என்றாள். இருக்காவா, ஐஸ் என்றேன். வந்த உணர்ச்சிக்குப் பங்கம் வரக்கூடாதல்லவா. வெந்நீர்ப் பையைப் பாதத்தின் மேல் வைத்துப் போர்வையைப் போர்த்தினாள்.

"ரொம்ப சுடுதா?"

"ஆகா, இதமா ஏறுது பாரு, முழங்கால் வரைக்கும்."

அவள் சமையலறைக்குப் போனாள். நான் டிவி பார்த்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

வலது பாதத்தின் மேல்தோல் உரிந்துவிட்டது. நேற்றுப் பையை எடுத்தபோது அக்காதான் பார்த்தாள். கொப்புளம் தேங்காய்ச் சில்லு அளவு. மிகைப்படுத்தவில்லை, அந்த அளவேதான்.

எனக்கு வலிக்கவில்லை. யாரோ ஒருவனுடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீதானடா சூடு தெரியுதுன்னு சொன்ன? நீ சொன்னதத்தானே நான் நம்புனேன்?"

பேச்சில் என்னை ஜெயிக்க ஆளில்லை என்பார்கள். டிவியை அணைத்தேன். அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. என் கால் நடுங்கியிருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பேன்.

மார்ச் 16, திங்கள்

கட்டுப் போட்டார்கள். புண் ஆறும்வரை நிற்கிற பயிற்சி கிடையாது.

பிசியோ பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணா, வியாழக்கிழமை நடுவுல மூணு தரம் நான் தொடவே இல்ல. சும்மா குனிஞ்சேன். மூணு தரமும் ஊசின்னீங்க."

"தெரிஞ்ச மாதிரி..."

"வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவ பாக்கச் சொல்லியிருக்காங்க. அப்பவும் இப்படின்னா ஆராய்ச்சில இருந்து எடுத்துடுவாங்க. கரண்ட்டும் நின்னுடும்."

"தெரியுதுன்னு சொன்னா உங்களுக்கும் நல்ல பேருதானேம்மா?"

"நீங்க சொல்றத நம்பி இந்தக் கரண்ட்ட நாலு ஊருக்குக் குடுத்தா, அங்க இன்னொருத்தரோட அக்கா வெந்நீர் வெப்பாங்க அண்ணா."

கத்தியிருக்கலாம் அந்தப் பெண். மெதுவாகத்தான் சொன்னாள்.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா வரவில்லை. மகளை அனுப்பியிருந்தாள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல மாமா" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. என் ரத்தம் கொஞ்சமும் ஒட்டவில்லை போல.

மார்ச் 20, வெள்ளி

சோதனை. ஸ்டூலை மாற்றிவிட்டார்கள், சத்தம் போடாத ஸ்டூல். அதனால் இல்லை, நான் முன்னமே முடிவு செய்துவிட்டேன். சரி, பாதி அதனாலும்தான்.

கழுத்து, மார்பு, வயிறு, எல்லாம் சரி. இடுப்பு தாண்டியது.

"ஊசியா, பஞ்சா?"

"இல்ல."

சொல்லும்போது நாக்கு கூசியது. அடுத்ததற்கும் இல்ல. தொடை, முழங்கால், கணுக்கால், இல்ல. ஒவ்வொன்றுக்கும் நானே என் காலை வெட்டிப் போடுகிற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் இல்லை, வெறுமனே சொல்லிக்கொண்டே போனேன்.

இடது குதிகாலுக்கு வந்தபோது நிறுத்தினேன்.

"சொல்லுங்கண்ணா."

"தெரியுதான்னு தெரியல."

"ஊகமா?"

"அதுவும் தெரியலம்மா."

"சரி. அப்படியே போட்டுக்கறேன்" என்றாள்.

இல்லைச்சாமி கட்டிலிலிருந்து தலையை நீட்டினான். "என்னய்யா, எனக்குப் போட்டியா?"

"உன்னுதெல்லாம் ஒரு 'இல்ல'யாய்யா? நான் சொன்ன மாதிரி 'இல்ல' இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தனும் சொன்னது கிடையாது."

சிரித்தான். அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

என்னை ஆராய்ச்சியிலிருந்து எடுக்கவில்லை. பழைய பதில்களைத் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமைப் பதில்களை வைத்துக்கொண்டார்களாம். இடுப்புக்குக் கீழே கிட்டத்தட்ட எல்லாம் சைபர். கரண்ட் தொடர்கிறது. நிஜமா சும்மாவா என்று பிசியோ பெண் கேட்டாள். தெரியாது என்றேன்.

மார்ச் 30, திங்கள்

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

புண் காய்ந்துவிட்டதால் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா அளந்து பேசுகிறாள். யாரோ சொந்தக்காரர் போனில் விசாரித்தார். "இருக்கான், பரவால்ல, காலு கொஞ்சம் கொஞ்சமா..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லன்னு சொல்லுக்கா" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லையாம்" என்று போனில் சொன்னாள்.

சாயங்காலம் என் காலைத் துடைக்க வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, தன் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஆறட்டும்க்கா."

"உனக்கெப்படிடா தெரியும்?"

"உன் மூஞ்சியப் பாத்துத்தான்."

ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். மறுபடியும் கையை விட்டு, முகத்தை என் பக்கம் காட்டினாள்.

"இப்ப?"

நன்றாகப் பார்த்துவிட்டு, போதும் என்றேன். துடைத்தாள்.