நிமிர்ந்தே போன மோட்டார்

அன்பு நாதியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நல்ல சுகம். உம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? உன் இருமல் விட்டதா?

ஊருக்கு வரும் ஹாஜா காக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், உம்மா பயந்துவிடுவார்கள்.

போன வாரம் நான் வேலை பார்க்கும் கோலா சிலாங்கூர் கடையிலிருந்து உலு யாம் ஏரிக்குப் படகு மோட்டார் ஒன்றை லோரியில் ஏற்றினோம்.

"படுக்கப் போடுலா, சுலபமா போயிடும்," என்றார் டிரைவர் தங்கராஜு.

"தப்பா படுக்கப் போட்டா எண்ணெய் சிலிண்டருக்குள்ள இறங்கிடும்ணே," என்று சொல்லி, மரச்சட்டத்தில் நிமிர்த்திக் கட்டினேன். உராயாமலிருக்க நீ தந்த போர்வையைச் சுற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

வழியில் மாடு குறுக்கே வந்தது. தங்கராஜு அண்ணன் பிரேக் போட்டதும் கயிறு தளர்ந்தது. நான் மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. என் முழங்கையில்தான் நான்கு தையல்.

ஏரியில் படகின் பின்பலகையில் மாட்டித் திருகுகளை இறுக்கினேன். கழன்றாலும் தண்ணீரில் விழாதபடி சங்கிலியும் போட்டேன். முதல் இழுப்பிலேயே ஓடியது! இனி எல்லா மோட்டாரும் என் பொறுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

போர்வைதான் கிரீஸாகிவிட்டது. காக்கா திரும்பும்போது வேறு கொடுத்தனுப்பு. இதோ, வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார்.

புதிது வாங்காதே. நீ போர்த்திக்கொள்வதையே கொடு. துவைத்துவிடாதே.

உன்
நஜீப்