அஞ்சலையிடம் மட்டும் சொல்லவில்லை

ஏப்ரல் 1, புதன்
காலையில் பனி. பத்து மணிக்கு நல்ல வெயில். அதை நம்பிக் கம்பளியைக் காயப்போட்டேன், மூன்று மணிக்கு மழை. என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பயணக் கடுதாசி வந்துவிட்டது! இந்தியா போக, திரும்பி வர. இவர், நான், புஷ்பம் வயது ஆறு, கண்ணன் வயது மூன்றரை. பதினெட்டு நாள். கொட்டகலையில் ரயில், தலைமன்னாரில் கப்பல், அப்புறம் திருச்சி, துறையூர்ப் பக்கம் இவருடைய சித்தப்பா வீடு.

என்ன விசேஷம் என்று தோட்டத்துக் கிளாக்கர் ஐயா கேட்டார். கல்யாணமா, சாவா, நேர்த்திக்கடனா? ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டிவிட்டு வருகிறோம் என்றார் இவர். சும்மாவா, சும்மாவா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏப்ரல் 2, வியாழன்
லயத்து வரிசை வீடுகளில் ஒருவர்கூட நம்பவில்லை. ஒரேயடியாகப் போகிறோமாம். வெள்ளையம்மா வந்து கோழிக்கூட்டைக் கேட்டாள். பதினெட்டு நாளில் வந்துவிடுவோம், கூடு வேண்டும் என்றேன். “இந்தியாவுக்குப் போனவங்க யாரு திரும்பி வந்தாங்க? கூட்டக் குடுத்துட்டுப் போ புள்ள” என்கிறாள். கங்காணி வாசலில் நின்று எங்கள் காம்பராவைக் கண்ணாலேயே அளந்தார். யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டார் போல.

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் குழந்தைகளை நான் பார்க்கும் பிள்ளைக் காம்பராவைப் பதினெட்டு நாளைக்கு மூக்காயி பார்த்துக்கொள்வாள். பால் புட்டி, தொட்டில் துணி, எல்லாம் காட்டிக் கொடுத்தேன். தொட்டிலில் கிடக்கும் ஒன்பதும் என்னையே பார்த்தன. எனக்குத்தான் விட்டுப் போக மனமில்லை. அதுகளுக்கு என்ன, புட்டி வந்தால் போதும்.

ஏப்ரல் 3, வெள்ளி
மூட்டை:
தேயிலை ஐந்து ராத்தல்
சோப்பு ஒரு டசின் (சிலோன் சோப்பு வேண்டுமாம்)
கண்ணனின் கம்பளிச் சட்டை. அங்கே நெருப்பாய்க் கொதிக்கும் என்கிறார் இவர். இருக்கட்டும்.
வாந்திக்கு எலுமிச்சை
இந்த நோட்டு

சாயங்காலம் நடந்ததை எழுத வேண்டும். 

அஞ்சலை வந்தாள். அடுத்த காம்பரா அஞ்சலை. மூன்று வருஷமாக நடுவில் ஒரு சுவர்தான், ஒரு பேச்சு இல்லை. அவள் மகன் மணியின் கை வெந்தது என் பிள்ளைக் காம்பராவில் என்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் என்னைச் சபித்தவள். அன்றைக்கு நான் பால் வாங்கப் போய் வந்தது ஐந்து நிமிஷம். வரும்போது பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது, உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் மூன்று வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். தூங்கின பிள்ளை எப்படி எழுந்தது, அடுப்பு வரைக்கும் எப்படிப் போனது என்று.

வாசலில் நின்று “அக்கா” என்றாள். அவ்வளவுதான், அழுகை. எனக்கும் வந்துவிட்டது. கட்டிக்கொண்டு அழுதோம். வந்துவிடுவோம் அஞ்சலை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று இருந்தது. மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த “அக்கா”.

அப்புறம்தான் சொன்னாள்.

“அன்னைக்குப் புள்ள கையச் சுட்டுக்கிட்டது ஒங்ககிட்ட இல்லக்கா. எங்க வீட்டு அடுப்புல. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு, அழுது ஓஞ்சவனக் கம்பளியில சுத்தித் தூங்க வச்சு, ஒங்க கையில குடுத்துட்டு ஓடிட்டேன். மாமியா வந்து கேட்டப்ப, பயத்துல ஒங்க பேரச் சொல்லிட்டேன். இனிமே எங்க பாக்கப் போறோம். சொல்லாம அனுப்புனா எனக்குச் சோறு எறங்காது.”

 கோபமா, சந்தோஷமா, தெரியவில்லை. அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது: நாங்கள் இருபத்திரண்டாம் தேதி திரும்பி வருகிறோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு
கப்பல். கண்ணன் இரண்டு தடவை வாந்தி, புஷ்பம் ஒரு தடவை, இவர் மூன்று தடவை. எலுமிச்சை முழுவதும் இவருக்கே போயிற்று. நான் கல்லுப் போல நின்றேன்.

கடலைப் பார்த்து, இந்தப் பீலியை யார் மூடாமல் போனது, இவ்வளவு தண்ணீர் வழிந்திருக்கிறதே என்று கேட்டான் கண்ணன். பக்கத்தில் இருந்த செட்டியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

தனுஷ்கோடியில் பெட்டியைக் கிளறினார்கள். கம்பளிச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, யாருக்கம்மா இது என்று கேட்டார் அதிகாரி. இவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 8, புதன்
வெயில். வெயில். சட்டியில் போட்டு வறுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஆனாலும் வீட்டுக்குள் நிற்பதில்லை. நுங்கு, மாட்டு வண்டி, கிணற்றில் முங்கல். கண்ணனை இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் விட்டார் சித்தப்பா. எனக்கு உயிர் போய் வந்தது, அவன் இன்னொரு தடவை என்கிறான்.

சின்னம்மா நம் தேயிலையை ஒரு பிடி அள்ளிப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தார். கஷாயம். நல்லா இருக்குங்க என்று சொல்லிக் குடித்தோம்.

அஞ்சலைக்கு எழுதலாமா? அவளுக்குப் படிக்கத் தெரியாது. தபால் வந்தால் அவள் புருஷன் மாரிமுத்துதான் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுவார். லயமே கூடிக் கேட்கும். வேண்டாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு
திருச்சி. காவிரியைக் காட்டினார் இவர், ஏதோ தாமே வெட்டிவிட்டது போல. முழுக்க மணல். தண்ணீர் எங்கே என்றாள் புஷ்பம். ஆடியில் வரும் என்றார். நல்லவேளை, மணலில் உருண்டு புரண்டதில் பிள்ளைகள் அதை மறந்துவிட்டார்கள். காது, மூக்கு, சோற்றுப் பொட்டலம், எங்கும் மணல்.

மலைக்கோட்டை. ஏறி முடித்ததும் கண்ணன் சுற்றிப் பார்த்தான். “இது நம்ம அஞ்சாம் நம்பர் மலைய விடச் சின்னது.” கோயில் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். பிள்ளையாரிடம் அஞ்சலைக்காக வேண்டிக்கொண்டேன், என்ன வேண்டுவதென்று தெரியாமல்.

ஏப்ரல் 14, செவ்வாய்
வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி, வடை. புதுச் சட்டையில் பிள்ளைகள் மினுமினு.

ஊருக்கு வாங்க:
வெள்ளையம்மாவுக்கு வெற்றிலைப் பெட்டி (கோழிக்கூடு கிடையாது!)
மூக்காயிக்கு ரவிக்கைத் துணி
அஞ்சலைக்கு ?

பாயசம் குடிக்கும்போது கேட்டார் இவர், அஞ்சலை அப்படி அழுதாளே, நாம் திரும்பி வருவோம் என்று நீ சொல்லவில்லையா என்று. சொல்லவில்லை என்றேன். ஏன் என்றார். பாயசம் இன்னும் ஊற்றட்டுமா என்றேன். அவள் சொன்னது எனக்கு மட்டும் சொன்னது. எல்லாரையும் கூட்டி, கேளுங்கள், என் மேல் தப்பில்லை என்று கத்த வேண்டும் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தோன்றுகிறது. கத்தினால் அவள் கதி? மாமியார்க்காரி சும்மா விடுவாளா? வேண்டாம். பழி பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஏப்ரல் 21, செவ்வாய்
மறுபடி கப்பல். இந்தத் தடவை நானும் வாந்தி. அலையால் இல்லை, அஞ்சலையை நினைத்துத்தான்.

ஏப்ரல் 22, புதன்
கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கியதும் மழை. கம்பளிச் சட்டை கண்ணன் மேல். இவரைப் பார்த்தேன். மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

லயத்தில் எல்லாரும் பேயைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். கங்காணிக்கு முகம் தொங்கிப்போயிற்று. அஞ்சலை மட்டும் வாசலுக்கு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சட்டி விழுந்த சத்தம்.

ஏப்ரல் 23, வியாழன்
காலையில் பீலிக்குப் போனேன். தண்ணீருக்கு ஏழெட்டுப் பேர். அஞ்சலையும். கப்பலில் யோசித்து வைத்த நல்ல வார்த்தைகள் ஒன்றும் நினைவில் இல்லை. நான் குடத்தை வைத்ததுதான் தாமதம், என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

“திரும்பி வர்றவுக ஒரு வார்த்த சொல்லக் கூடாது? கட்டிக்கிட்டு அழுதீகளே, வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? வருவீகன்னு தெரிஞ்சா நான் சொல்லியிருப்பேனா, எங்க வீட்டு அடுப்புலதான் புள்ள கை வெந்துச்சுன்னு?”

பீலியடியில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது என்ன சொன்னாள் என்று. முகம் வெளுத்துவிட்டது. ஒன்றுமில்லை, வா போகலாம் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“என்ன பாக்குறீக? ஆமா. எங்க வீட்டு அடுப்புதான். இவுக மேல பொய் சொன்னேன்.”

பிறகு என்னிடம், குடம் வழிகிறது, எடுங்கள் என்றாள். எடுத்தேன். பாதி வழியில் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருஷ அழுகை.

மத்தியானம் வெள்ளையம்மா வந்து, நாங்கள் அப்போதே நினைத்தோம் என்கிறாள். எங்கே நினைத்தாளாம், மூன்று வருஷமாக? வெற்றிலைப் பெட்டியை நாளைக்குக் கொடுத்தால் போதும்.

ஏப்ரல் 24, வெள்ளி
மூடு பனி. மாமியார்க்காரி நேற்றுச் சாயங்காலம் முழுக்கக் கத்தித் தீர்த்தாள்.  மாரிமுத்து மணியின் கையைத் தன் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

அஞ்சலை விடியற்காலையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், சொல்லாமல் போனதற்கு. உப்பு இல்லை. போய்க் கேட்டேன். திட்டிக்கொண்டே அள்ளிக் கொடுத்தாள்.