கட்டாத தொண்டை

என் நைனாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் கொஞ்சமாவது சத்தம் இருக்கட்டும். ஆயுசு பூரா ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருந்த ஆள் நீ. ரொம்ப அமைதியாக இருந்தால் மெஷின் நின்றுபோச்சோ என்று பதறி எழுந்துவிடுவாய்.

இங்கே காரியம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. உன் மொபெட்டை அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். அம்மாவும் இல்லாத வீட்டில் என்னைத் தனியாக விட மனசில்லாமல், ஊத்துக்கோட்டைப் பக்கம் நாற்று விடுகிற வேலையைப் போட்டுவிட்டு உன் தங்கச்சி இங்கேயே இருக்கிறாள். உனக்காக அழுது போன அத்தையின் குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. எனக்கோ அன்றைக்குப் போகவே இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது நைனா.

கத்திப் பாடுகிற மெட்டல் பேண்டில் சேர்ந்த புதிதில் வீட்டிலேயே கத்திப் பழகினேனே, ஞாபகம் இருக்கா? பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "இன்னாபா, பொண்ணப் போட்டு அடிக்கிறியா?" என்று உன்னைப் பிடித்துக்கொண்டார். நீ திருதிருவென்று முழித்து, "பாட்டு கிளாஸுபா" என்றாய். மறுநாளே என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு மில்லின் பின்பக்கக் காம்பவுண்டுக்குப் போனாய்.

"இங்க எவ்ளோ வேணா கத்து. மில்லு ஓடுற வரிக்கும் ஒருத்தனுக்கும் கேக்காது."

கத்துவதிலும் வகை இருக்கிறது என்றபோது நீ நம்பவில்லை. டெத் மெட்டலுக்கு எப்படி என்று அடித்தொண்டையில் உறுமிக் காட்டினேன். "பேரிங் போன மோட்டாரு" என்றாய். பிளாக் மெட்டலுக்கு மெல்லிசாகக் கீச்சிட்டேன். "கட்டிங் மிஷின்ல பிளேடு மொக்கையாயிடுச்சு." ஹார்ட்கோருக்கு வார்த்தை புரிகிற மாதிரி அதட்டிக் கத்தினேன். "இது எங்க சூப்பர்வைசரு. இதுக்குப் போயி ஒரு கிளாஸா?" சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பயிற்சியே நடக்கவில்லை.

ஆனாலும் உனக்கு உள்ளுக்குள் பயம்தான். தொண்டை கிழிந்துவிடும் என்று. பேசுகிற குரல்நாணை இறுக்கக்கூடாது, அதற்கு மேலே இருக்கிற சதை மடிப்புதான் அதிரவேண்டும், மூச்சை அடிவயிற்றிலிருந்து அளவாக விடவேண்டும் என்று விளக்கினேன். சரியாகக் கத்தினால் வலிக்காது, மறுநாள் தொண்டை கட்டாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். அப்புறமும் ஒவ்வொரு தடவை நான் கத்தி முடித்துத் திரும்பும்போது, இடதுபக்கம் மொபெட்டில் சாய்ந்து நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்டாய்.

"தொண்ட வலிக்குதாமா?"

"இல்ல நைனா."

"அப்ப சரி. வா, டீ குடிக்கலாம்."

நெஞ்சுவலி வந்து நீ போன மறுநாள் காலையில், உன்னை ஐஸ் பெட்டியில் வைத்து வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். "என் கூடப் பொறந்த சிங்கமே" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "பொண்ணு அழுவாம நிக்கிது பாரு, மனசு அடைச்சிக்கும்" என்று யாரோ என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். வாயைத் திறந்தேன்.

வந்தது அழுகை இல்லை நைனா. கால் தானாக அகன்று ஊன்றிக்கொண்டது. தோள் தளர்ந்தது. மூச்சு அடிவயிற்றுக்கு இறங்கியது. மேடையில் எப்படிக் கத்துவேனோ அப்படியே கத்தினேன், பிசிறில்லாமல், நீளமாக. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மூச்சு தீரப்போகிறது, எங்கே விட்டு எங்கே எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். உன் உடம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கணக்குப் போட்டேன்.

"அப்பன் மேல எவ்ளோ உசுரு பாரு இந்தப் பொண்ணுக்கு" என்று எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் வீட்டில் ஒருத்தருக்கும் குரல் இல்லை. பந்தல்காரரிடம் பேசினது, சமையலுக்குச் சொன்னது, வந்த போனை எல்லாம் எடுத்தது நான்தான். மணி மாதிரி இருந்தது என் குரல். அத்தை வெறும் காற்றாக வந்த குரலில் கேட்டாள்: "எனக்கு மூச்சுதான் வருது. உனக்கு மட்டும் எப்டிடி கட்டாம கீது?" வெந்நீர் குடித்தேன் என்று புளுகினேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. துபாயில் இருக்கிற சொந்தத்துக்குக் காட்டுவதற்காக ஒருத்தர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார். அது என் போனுக்கும் வந்தது. நான் கத்துகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ரெண்டாவது மூச்சு எடுத்த இடம் பிரமாதம் என்று தோன்றியது. தோன்றியதோடு விட்டேனா? எங்கள் பேண்டில் கிட்டார் வாசிக்கிற ரேவதிக்கு அனுப்பினேன். "நீ கத்துனதுலயே இதுதான்டி பெஸ்ட். புதுப் பாட்டுக்கு ஆரம்பமா வச்சிக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன் நைனா. வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எந்த மகளாவது இப்படிச் செய்வாளா?

இந்த வாரம் ஒருநாள் காலை, நாஷ்டாவுக்கு இட்லி வைக்கும்போது அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்றைக்கு நான் அழவில்லை, கற்ற வித்தையைக் காட்டினேன், அதனால்தான் தொண்டை கட்டவில்லை என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீடியோவப் போடு" என்றாள்.

போட்டேன். கத்தல் முடிந்த இடத்தில் எப்போதும்போல நிறுத்தப் போனேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். "இர்றீ. ஓடட்டும்."

அதற்கு மேல் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கத்தி முடித்ததும் வீடியோவில் நான் இடதுபக்கம் திரும்புகிறேன். உன் ஐஸ் பெட்டி இருந்த பக்கம். யாரோ ஏதோ கேட்கப்போகிறார்கள் என்பதுபோல முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். மேளம் மறுபடி ஆரம்பிக்கிறது. நான் அப்படியே நிற்கிறேன்.

"அங்க இன்னாத்துக்குடி திரும்பிப் பாத்துக்கினே நிக்கிற?" என்றாள் அத்தை.

அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். தொண்டையை இறுக்கி, மூச்சு முட்டி, கற்ற முறை ஒன்றும் இல்லாமல் அழுதேன். அத்தை என் தலையை மடியில் போட்டுக்கொண்டு, "அழு, அழு. ஊடே இடிஞ்சாலும் பரவால்ல" என்று அந்த உடைந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெட்கம் முழுசாகப் போய்விடவில்லை. அந்தக் கணக்குப் போட்டதும் நான்தான், திரும்பிப் பார்த்ததும் நான்தான். ரெண்டையும் வைத்துக்கொண்டுதான் இனிமேல் இருக்கவேண்டும்.

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கத்தல் எந்தப் பாட்டிலும் வராது. ரேவதியிடம் நேற்றே சொல்லிவிட்டேன், அழுததில் குரல் கட்டிப்போனதால் மெசேஜில். தொண்டை ஆறினதும் மேடையேறி, நீ பயப்படாத மாதிரி சரியாகக் கத்துவேன். முடித்ததும் இடதுபக்கம் திரும்புவேன். இன்றைக்கு மட்டும், நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

வலிக்குது நைனா.

உன் பொண்ணு,
தேவகி