ஏழாம் நம்பர் பதில்

ஜூலை 3, 2006

இன்று ஜெபம் கேட்டு நூற்றுச் சொச்சம் கடிதம். வேலை இல்லாதவர்களுக்கு அச்சடித்த இரண்டாம் நம்பர் பதில். புருஷன் குடித்தால் ஐந்தாம் நம்பர். எதிலும் அடங்காதவர்களுக்கு ஏழு: ‘உங்கள் விண்ணப்பத்தைக் கர்த்தர் கேட்டார். அவருடைய வேளைக்காகப் பொறுமையோடு காத்திருங்கள்.’ கீழே ஊழியக்கார ஐயாவின் கையெழுத்து, நீல மையில் ரப்பர் ஸ்டாம்ப்.

பொழிச்சலூர் ஆபீஸில் கடிதம் பிரிப்பது நாங்கள் மூன்று பெண்கள் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. வேலைக்குச் சேரும்போதே ஜெபம் பண்ணி வாக்கு வாங்கிக்கொண்டார்கள். அம்மாவிடமே கேசட் பிரிவு என்றுதான் சொல்லியிருக்கிறேன், எட்டு வருஷமாக. ஐயாவே ஒவ்வொரு கவரையும் பிரித்து முழங்காலில் நின்று வாசிக்கிறார் என்று அவள் நம்புகிறாள். நம்பட்டும், நமக்கென்ன.

படப்பையிலிருந்து போன் இல்லை.

ஜூலை 5

இன்றும் இல்லை. அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதினேழு நாள்.

மாப்பிள்ளை பேர் பிரேம். மனைவி இறந்து மூன்று வருஷம். ஒரகடத்தில் கம்பெனி வேலை. அதிகம் பேசவில்லை. அவர் மகள் அஞ்சலிதான் பேசினாள், ஏழு வயசு. “ஆன்ட்டி, உங்களுக்கு ரெட்டைச் சடை பின்னத் தெரியுமா?” தெரியும் என்றேன். அங்கேயே திரும்பி உட்கார்ந்து முடியைக் காட்டினாள். பின்னிவிட்டேன். வெட்கமாக இருந்தது. முப்பத்தாறு வயசில் என்ன வெட்கம்?

கர்த்தாவே, இது மூன்றாவது வரன். நான் அவசரப்படவில்லை. ஆனால் சீக்கிரம்.

ஜூலை 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா சொன்னாள்: “படப்பைக்காரங்களுக்கு இஷ்டமில்லையாம். அவர் சித்தம் எதுவோ. பொறுமையா இரும்மா பியூலா.”

இருபத்தெட்டிலும் இதையேதான் சொன்னாள், முப்பத்திரண்டிலும். அழவில்லை. மீன் வறுத்தேன். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 11

அம்மாவைக் குளிப்பாட்டி, புடவை கட்டி, உட்கார வைத்துவிட்டு ஓட்டமாக ஓடியும் பஸ் போய்விட்டது. பக்கவாதம் வந்து பத்து வருஷம், இடது பக்கம் இன்னும் வரவில்லை. “நீ மட்டும் இல்லேன்னா என்னை யாரு பாப்பா?” என்று தினமும் கேட்கிறாள்.

ஜூலை 14

மூன்றாவது கடிதக் கட்டில் ஏழாவது கவர். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அம்மா எழுதியது. பேர் போடவில்லை, ‘ஒரு விதவை’ என்று போட்டிருக்கிறாள். ஆனால் பதில் வர வேண்டுமே, எங்கள் இரும்புலியூர் விலாசம் முழுசாக இருக்கிறது. எதிர்வீட்டு துர்காவிடம் கொடுத்துப் போட்டிருப்பாள்.

‘ஐயா, நான் ஒரு பாவம் செய்தேன். என் மகளைப் பார்க்க வந்த மூன்று இடத்திலும் அவளுக்கு வலிப்பு நோய் உண்டு என்று ரகசியமாகச் சொல்லிவிட்டேன். அவள் போய்விட்டால் எனக்கு யாருமில்லை. கர்த்தர் என்னை மன்னிக்க வேண்டும். இனி வரனே வராதபடியும், அவள் மனம் சோராதபடியும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.’

எனக்கு வலிப்பு. எனக்கு!

மூன்று தடவை. மூன்று தடவையும் என் தலையைத் தடவிக்கொண்டே ‘அவர் சித்தம்’ என்றாயே, அதைச் சொல்ல வாய் எப்படிம்மா வந்துச்சு? ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஜெபம் மேலே போயிருக்கிறது. அவளுடையது கேட்கப்பட்டது.

கடிதம் என் கைப்பையில்.

ஜூலை 15

ரத்தினபாய் அக்காவிடம் மட்டும் காட்டினேன். அவள்தான் பக்கத்து மேஜை. படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “உடனே படப்பைக்கு ஒரு போன் போடுடி. அது பொய்னு சொல்லு. இதுல என்ன வெட்கம்?”

நானே கூப்பிட்டு, எனக்கு வலிப்பு இல்லை, என்னைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வதா? “கர்த்தர் நியாயம் செய்வார்க்கா, நான் காத்திருக்கேன்” என்றேன்.

“காத்திரு, காத்திரு. அவரே வந்து டயல் பண்ணுவார்.”

ஜூலை 19

“தபால் வந்துச்சா?” என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கின கொய்யாவை நறுக்கிக் கொடுத்தேன்.

ஜூலை 24

இப்போது நாற்காலியைக் கேட் பக்கம் போடச் சொல்கிறாள். பதினொரு மணிக்குத் தபால்காரர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாளாம், துர்கா சொன்னாள். வெயில் முகத்தில் அடிக்கிறதாம்.

அடிக்கட்டும்.

இன்றும் படப்பைக்குப் போன் செய்யவில்லை. நம்பர் மனப்பாடமாக இருக்கிறது.

ஜூலை 30, ஞாயிறு

ஆராதனையில் அம்மா திருவிருந்து அப்பத்தை எடுக்கவில்லை. போதகரின் மனைவி ஐயரம்மா வந்து கேட்டதற்கு, கால் வலி என்றாள். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்க்காமலே கேட்டாள்: “ஐயா எல்லாருக்கும் பதில் போடுவாரில்ல? பெரிய பாவம் பண்ணினவங்களுக்குப் போடமாட்டாரோ?”

“அதெல்லாம் எனக்கெப்படிம்மா தெரியும், நான் கேசட்டுல இருக்கேன்.”

சொல்லும்போது இனிப்பாக இருந்தது. அதை மறைக்க முடியாது, இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 6

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. ரத்தினபாய் அக்கா, “போதும்டி, பதிலைப் போடு” என்கிறாள்.

இன்னும் ஒரு வாரம். நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 18

இன்னொரு கவர். அதே கையெழுத்து, கோணலாக.

‘ஐயா, பதில் வராததால் கர்த்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அறிந்தேன். நேற்றுப் படப்பைக்குப் போன் செய்து, நான் சொன்னது பொய் என்று அழுதேன். மாப்பிள்ளையே பேசினார். அவர் சபையிலேயே வேறு பெண் பார்த்து, போன ஞாயிறு ஆராதனையில் மூன்றாம் கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டதாம். ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா அம்மா என்றார். மாடி ஏற முடியாத உங்களுக்காகக் கீழ் ரூமை ஒழித்து வைத்திருந்தோமே என்றார். ஐயா, என் மகளிடம் இதை எப்படிச் சொல்வேன்?’

ஒரு மாதம் முன்னால். ஜூலை பதினெட்டு, இருபது. கடிதம் என் பையில் இருந்தது. ஒரு ஓலைகூட வாசித்திருக்க மாட்டார்கள்.

கர்த்தாவே, உம்மை நம்பியா காத்திருந்தேன்? இல்லை. கேட்டருகே அவள் தவிப்பதைப் பார்க்கக் காத்திருந்தேன். உம் பேரைச் சொல்லிக்கொண்டேன், அவளைப் போலவே.

‘உங்கள் பாவம் மன்னிக்கப்பட்டது’ என்று கையால் எழுதப் பார்த்தேன். ‘உங்கள்’ வரைக்கும் வந்தது. கிழித்துவிட்டு ஏழாம் நம்பரை எடுத்து ஸ்டாம்ப் குத்தினேன்.

ஆகஸ்ட் 22

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா காகிதத்தை ஆட்டினாள். “ஐயா எழுதிட்டாருடி! அவர் கைப்பட!” அழுதாள், சிரித்தாள். தபால் வந்த பிறகு நான்கு இட்லி சாப்பிட்டாளாம்.

படப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னை முழங்காலில் நிற்க வைத்து, அந்தக் காகிதத்தை என் தலையில் வைத்து ஜெபித்தாள். நடுவில் என் கையைப் பிடித்தவள் நிறுத்தினாள். “இது என்னடி, விரலெல்லாம் நீலம்?”

“கேசட் லேபிள் மைம்மா.”

“கழுவு, போகும்” என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள். முடிந்ததும் நான் ஆமென் சொன்னேன்.